ரோட்டரி, லயன்ஸ் பட்டியலில் உள்ள பெரிய மனிதர்கள்: மலரில் யாரைப் போடலாம், யாரை விடலாம்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டப் பட்டணத்தில் ஆசிரியையாக இருக்கும் சகோதரி ஒருவர் இங்கே கேட்டிருந்தார். அவர் ஊர் சேவை கிளப் ஆண்டு மலர் போடுகிறது. அதில் ‘உலகப் புகழ்பெற்ற உறுப்பினர்கள்’ என்ற பக்கம் அவர் தலையில் விழுந்திருக்கிறது. கையில் இருப்பது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு பட்டியல்தான். காந்தி, ஹெலன் கெல்லர், தாமஸ் மான், கென்னடி, போலியோ தடுப்பூசி கண்டுபிடித்த ஜோனஸ் சால்க், ஜிம்மி கார்ட்டர் என்று பெயர்கள் நீள்கின்றன. இவர்கள் ரோட்டரி, லயன்ஸ் என்ற உலகச் சேவை அமைப்புகளில் இருந்தது உண்மையா, அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடலாமா என்று கேட்கிறார். கடைசியில் போகிற போக்கில் இன்னொரு வரியும் எழுதியிருந்தார்: “இந்தப் பெயர்களைப் பார்த்தாவது நம் பிள்ளைகள் வந்து சேர்வார்களா?” அவர் உண்மையில் கேட்க வந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு இதற்கும் வருகிறேன்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்து ஆள். இடைநிலைப்பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வாலிப வயதிலிருந்து லயன்ஸ் கிளப்பில் இருக்கிறேன். ரோட்டரியைப் பற்றி எனக்குத் தெரிந்தது படித்ததும் ரோட்டரி நண்பர்களோடு பழகியதும்தான், உள்ளே இருந்து பார்த்ததில்லை. அதை மனத்தில் வைத்துப் படியுங்கள்.

இந்த மாதிரிப் பட்டியல்களில் நாலு வகை ஆட்கள் ஒரே பெயரில் கலந்து கிடக்கிறார்கள். சந்தா கட்டி, மீட்டிங்குக்கு வந்து, பொறுப்பு எடுத்து வேலை செய்த உறுப்பினர் ஒரு வகை. கௌரவ உறுப்பினர் இன்னொரு வகை. ரோட்டரியில் கௌரவ உறுப்பினருக்குச் சந்தா கிடையாது, ஓட்டு கிடையாது, பதவியும் வகிக்க முடியாது. ஒரு கிளப் தன் ஊர்ப் பெரிய மனிதருக்குச் செய்யும் மரியாதை அது. மூன்றாவது, ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போன விருந்தாளி. நாலாவது வகையில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள். ரோட்டரியைத் தொடங்கியவரின் பெயரில் ‘பால் ஹாரிஸ் ஃபெல்லோ’ என்று ஒரு பட்டம் 1957 முதல் இருக்கிறது. ரோட்டரி அறக்கட்டளைக்கு 1,000 அமெரிக்க டாலர் கொடுப்பவருக்கோ, அவர் யார் பெயரில் கொடுக்கிறாரோ அவருக்கோ அந்தப் பட்டம் கிடைக்கும். வாங்குகிறவர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதே இல்லை. லயன்ஸில் ‘மெல்வின் ஜோன்ஸ் ஃபெல்லோ’ என்பதும் அதே மாதிரிதான்.

இப்போது உங்கள் பட்டியலை எடுங்கள். ஜோனஸ் சால்க் பால் ஹாரிஸ் ஃபெல்லோ. ரஷ்ய அதிபர் போரிஸ் எல்ட்சினும், ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த ஹாவியர் பெரஸ் டி குவேயாரும் அதே பட்டம் பெற்றவர்கள். அதை வைத்து மூவரையும் ரோட்டரி உறுப்பினர் என்று எழுதினால் தவறு. கென்னடி மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஹயானிஸ் ஊர் கிளப்பில் கௌரவ உறுப்பினர். அப்படியே எழுதுங்கள், ‘கௌரவ’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். காந்தி உறுப்பினர் அல்ல. 1925ல் கல்கத்தா ரோட்டரி கிளப்பில் போய் ராட்டையைப் பற்றிப் பேசினார், அவ்வளவுதான். ஆனால் அது சின்ன விஷயமும் இல்லை. கல்கத்தா கிளப் தொடங்கியது 1919ல். அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் ஐரோப்பிய வியாபாரிகளும் அதிகாரிகளும் கூடுகிற மேசை. அந்த மேசைக்கே போய், கிராமத்து ஏழை கையால் நூற்கும் நூலால்தான் இந்தியாவின் பொருளாதாரம் நிமிரும் என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். ‘காந்தி உறுப்பினர்’ என்ற பொய்யைவிட ‘காந்தி வந்து பேசினார்’ என்ற உண்மை மலருக்கு நன்றாகவே இருக்கும்.

தாராளமாகப் போடக்கூடிய பெயர்களும் இருக்கின்றன. வானொலித் தந்தி தந்த மார்க்கோனி இத்தாலியின் போலோனியா கிளப்பிலும், பின்லாந்து இசையமைப்பாளர் சிபேலியஸ் ஹெல்சிங்கி கிளப்பிலும் இருந்ததாக ரோட்டரி அமைப்பே சொல்கிறது. மேயோ மருத்துவமனையை உருவாக்கிய சகோதரர்களில் ஒருவரான டாக்டர் சார்ல்ஸ் மேயோ தன் ஊரான ராச்செஸ்டர் கிளப்பில் தலைவராகவே இருந்தவர். பிலிப்பீன்ஸ் நாட்டு கார்லோஸ் ரோமுலோவை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மணிலா கிளப்பில் வளர்ந்து, உலக ரோட்டரியின் துணைத்தலைவர்களில் ஒருவராகி, 1949ல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவராக உட்கார்ந்தவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆசியர் அவர்தான். 1945ல் சான் பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது ரோட்டரி ஆலோசகர்கள் அழைக்கப்பட்டதும், லயன்ஸ் நிறுவனர் மெல்வின் ஜோன்ஸ் போனதும் பதிவில் உள்ள செய்திகள். ஐ.நா.வே ரோட்டரியால்தான் பிறந்தது என்று சில கிளப் மலர்களில் எழுதுகிறார்கள். அது மிகை, அந்த வரியைத் தொடாதீர்கள்.

தாமஸ் மான் பெயரைக் கட்டாயம் போடுங்கள். ஆனால் முழுக் கதையோடு போடுங்கள். ஜெர்மனியின் பெரிய நாவலாசிரியர், 1929ல் நோபல் பரிசு வாங்கியவர். மியூனிக் நகரில் 1928ல் ரோட்டரி கிளப் தொடங்கியபோதே சேர்ந்தவர். கௌரவத்துக்காகப் பெயரைக் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை, அந்த அமைப்பின் மேல் உண்மையான பிடிப்பு அவருக்கு இருந்தது. 1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். பிப்ரவரியில் சொற்பொழிவுக்காக வெளிநாடு போன தாமஸ் மான் திரும்பிப் போக முடியாத நிலையில் சுவிட்சர்லாந்தில் தங்கிவிட்டார். அவர் நாஜிகளை வெளிப்படையாக எதிர்த்துப் பேசியவர், மனைவி யூத வம்சத்தில் பிறந்தவர். ஏப்ரல் தொடக்கத்தில் மியூனிக் கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உறுப்பினர் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். கிளப்பின் பெருமையே இவர்தான் என்று கொண்டாடிய அதே மனிதர்கள், புதிய ஆட்சியிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக அவரையும் யூத உறுப்பினர்களையும் கழற்றிவிட்டார்கள்.

அப்படிச் செய்தும் கிளப் பிழைத்ததா? இல்லை. 1937ல் ஜெர்மனியின் ரோட்டரி கிளப்கள் எல்லாமே தங்களைக் கலைத்துக்கொள்ள நேர்ந்தது. போருக்குப் பிறகுதான் மறுபடி தொடங்கின. பின்னாளில் ஜெர்மன் ரோட்டரியினரே அந்தக் காலத்து ஆவணங்களைத் தோண்டி எடுத்து, யார் யாரை வெளியேற்றினோம் என்று பெயர் பெயராக எழுதி வைக்கும் வேலையைச் செய்தார்கள். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ‘தாமஸ் மான், எழுத்தாளர், மியூனிக் ரோட்டரி உறுப்பினர்’ என்று ஒற்றை வரியில் படத்தோடு போட்டுவிட்டால் அது பொய் இல்லைதான். ஆனாலும் பிள்ளைகளிடம் பாதியை மறைத்ததாக ஆகிவிடும். ஒரு சேவை அமைப்பு பயந்துபோனால் என்ன செய்யும் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

ஹெலன் கெல்லர் விஷயத்தில் இன்னொரு மாதிரிக் கவனம் வேண்டும். பார்வையும் செவியும் இல்லாத அந்த அம்மையார் 1925 ஜூன் 30 அன்று ஒஹாயோ மாநிலத்தின் சீடர் பாய்ண்ட் என்ற இடத்தில் நடந்த லயன்ஸ் மாநாட்டில் பேசினார். லயன்ஸ் அப்போது எட்டு வயதுக் குழந்தை, 1917ல் சிக்காகோவில் காப்புறுதித் தொழில் செய்த மெல்வின் ஜோன்ஸ் கூட்டிய கூட்டத்தில் பிறந்தது. இன்ன வேலைதான் நம் வேலை என்று அதற்கு இன்னும் தெளிவு வரவில்லை. தடுக்கக்கூடிய பார்வையிழப்பே உலகத்தில் இருக்கக்கூடாது, அதற்கு நீங்கள் போராட்ட வீரர்களாக நில்லுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். லயன்ஸ் இன்றைக்கும் கண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு பேச்சால்தான். ஜூன் 1ஐ ஹெலன் கெல்லர் தினமாக லயன்ஸ் கொண்டாடுகிறது. அவர் கௌரவ உறுப்பினர் ஆக்கப்பட்டார். ஆனால் பெண்களை முழு உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள லயன்ஸ் முடிவெடுத்தது 1987ல். அமைப்புக்கே திசை காட்டிய பெண்ணின் பேச்சு நடந்து 62 வருஷம் கழித்து! ஒரு பெண் உலகத் தலைவரானது 2018ல், ஐஸ்லாந்தைச் சேர்ந்த குத்ரூன் இங்வதோத்திர். நீங்கள் ஆசிரியை, உங்கள் வகுப்பில் பெண் பிள்ளைகள் இருப்பார்கள். இந்த மூன்று வருஷங்களையும் பக்கத்துப் பக்கத்தில் போடுங்கள்.

கண் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகள் நிறைய இருந்த காலத்தில் எங்கள் கிளப் கண் பரிசோதனை நடத்தும். இடம் பெரும்பாலும் தொழிலாளர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகை, இல்லாவிட்டால் கோயில் மண்டபம். காலையில் ரப்பர் பால் வெட்டு முடிந்து, பாலை நிறுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆட்கள் வருவார்கள், கையில் பால் வாடை அப்படியே இருக்கும். சுவரில் அட்டையை மாட்டி, டேப் பிடித்து ஆறு மீட்டர் அளந்து, சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவோம். எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கு என்று நாலு திசையிலும் திரும்பி நிற்கும் மூன்று கால் எழுத்து அட்டை ஒன்று உண்டு. மரத்தில் வெட்டிய அதே எழுத்தைக் கையில் கொடுத்து, ‘அங்கே கால் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் திருப்புங்கம்மா’ என்போம். மேல் வரிசை பெரிய எழுத்துக்கே கையை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாமல் தவித்த பாட்டிகள் இருந்தார்கள். கண்புரை முற்றிப்போன பிறகும் மரத்தைக் கையால் தடவிப் பட்டை சீவிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். வயதானால் அப்படித்தான் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அரை மணி நேர அறுவையில் சரியாகும் என்று யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை.

அந்த வேலையில் யார் முக்கியம் என்றால், மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரசர்தான். எந்த லயத்தில் யாருக்குப் பார்வை மங்கல் என்று அவருக்கு அத்துப்படி. பெயர் எழுதிக் கொடுப்பார், பயப்படுகிறவர்களைச் சமாதானம் பண்ணி லாரியில் ஏற்றி விடுவார். சில தோட்டங்களில் டிரசர் கிளப் உறுப்பினரே கிடையாது. அவர் பெயர் எந்த உலகப் பட்டியலிலும் வராது.

ஜிம்மி கார்ட்டரைத் தைரியமாகப் போடுங்கள், அவர் வேலை செய்த உறுப்பினர். ஜார்ஜியா மாநிலத்தில் பிளெயின்ஸ் என்ற ஊர், சில நூறு பேர் வாழும் இடம். நிலக்கடலை விவசாயமும் அதைச் சேர்ந்த வியாபாரமும்தான் அவர் தொழில். அங்கே லயன்ஸில் இருந்து, 1968-69ல் டிஸ்ட்ரிக்ட் கவர்னராகப் பொறுப்பு வகித்தார். டிஸ்ட்ரிக்ட் கவர்னர் என்றால் என்ன வேலை என்று கிளப்பில் இருப்பவர்களுக்குத் தெரியும். வாரா வாரம் ஏதாவது ஒரு சின்ன ஊருக்குப் போய், இருபது முப்பது பேர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் கணக்கு கேட்டு, சண்டை தீர்த்து, புது ஆள் சேர்க்கச் சொல்லி வர வேண்டும். 1977ல் அமெரிக்க அதிபரானார். பதவி போன பிறகு அவர் தொடங்கிய கார்ட்டர் மையம் 1990களில் லயன்ஸோடு சேர்ந்து ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் ஆற்றுக் குருடு என்னும் நோயையும், டிரக்கோமா என்ற கண் நோயையும் எதிர்த்து வேலை செய்தது. ஆற்றுக் குருடு, ஓடும் ஆற்றங்கரையில் பெருகும் ஒரு வகைக் கருப்பு ஈ கடிப்பதால் புழு உடம்பில் ஏறி வருவது. மருந்தை ஊர் ஊராக, ஆண்டுக்கு ஆண்டு, விடாமல் கொடுத்தால்தான் அடங்கும். 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார். பிளெயின்ஸ் லயன்ஸ் கிளப்பில் கற்றதுதான் அவரை அந்தப் பக்கம் கொண்டுபோனதா என்றால், அப்படி அடித்துச் சொல்ல முடியாது. மதப் பற்றும், தாயார் நர்ஸாக இருந்ததும், இன்னும் பலதும் அவருக்குள் சேர்ந்திருந்தன. ‘லயன்ஸ்தான் கார்ட்டரை உருவாக்கியது’ என்று எழுத வேண்டாம். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்க்கையில் இருந்தன என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் நாட்டுக்கு இதெல்லாம் வந்த கதையையும் ஒரு பத்தி சேர்க்கலாம், ஏனென்றால் அதைக் கொண்டுவந்தவரே சரித்திரத்தில் இடம் உள்ளவர். ஜேம்ஸ் டேவிட்சன் என்று பெயர். அமெரிக்காவில் பிறந்து கனடாவின் கால்கரியில் குடியேறியவர். இளம் வயதில் பியரியின் வடதுருவப் பயணக் குழுவில் கிரீன்லாந்து போனவர், 1895ல் போர்ச் செய்தியாளராக ஃபார்மோசா தீவுக்கு, அதாவது இன்றைய தைவானுக்கு, வந்தவர். 1928ல் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு ரோட்டரிக்காகப் புறப்பட்டார். ஏதென்ஸ், கெய்ரோ, பம்பாய், மெட்ராஸ், கொழும்பு, பிறகு மலாயா, சயாம், ஹாங்காங் என்று ஊர் ஊராகப் போய்க் கிளப் தொடங்கினார். மெட்ராஸ் கிளப் 1929. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா கிளப்கள் 1930. கைக்காசு நிறையப் போட்டார். உடம்பு கெட்டுப்போய் ஊர் திரும்பி 1933ல் இறந்தார். வெள்ளைக்காரர் மட்டும் என்று போர்டு மாட்டிய கிளப்கள் இருந்த காலம் அது. ரோட்டரி மேசையில் ஐரோப்பியர், சீனர், மலாய்க்காரர், இந்தியர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பது அன்றைக்குச் சாதாரணம் இல்லை.

அதே மூச்சில் இதையும் சொல்ல வேண்டும். இனத்துக்குத் திறந்த அந்தக் கதவு தொழிலுக்குத் திறக்கவில்லை. ரோட்டரி தொடங்கியதே அப்படித்தான்: 1905ல் சிக்காகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்கப் பொறியாளர், ஒரு துணி தைக்கும் வியாபாரி என்று நாலு தொழிலில் இருந்து நாலு பேர். ஒவ்வொரு தொழிலிலிருந்தும் ஒருவர், அவரும் முதலாளியாகவோ, நிபுணராகவோ, நிர்வாகியாகவோ இருக்க வேண்டும் என்பது நீண்ட காலம் விதி. அழைப்பு வேண்டும், இங்கிலீஷ் வேண்டும், பகல் சாப்பாட்டுக்கு வாரா வாரம் வர நேரமும் காசும் வேண்டும். தோட்டத்து துரை வரலாம், டாக்டர் வரலாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பெயர் கொடுத்துவிட்டு, தனக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போகும் தொழிலாளி எப்படி வருவார்? நம் தாத்தா பாட்டி இந்தக் கிளப்களில் உதவி வாங்குகிற இடத்தில்தான் இருந்தார்கள். உதவி செய்கிற இடத்துக்கு அவர்களின் பேரப்பிள்ளைகள் வந்தது பின்னால்தான்.

ஆகவே நம் ஊர்ச் சரித்திரத்தில் சேவை என்றால் கிளப் மட்டும்தான் என்று உங்கள் மலர் பேசிவிடக்கூடாது. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, வீடும் வேலையும் ஒரே நாளில் போய்த் தொழிலாளர் நடுத்தெருவில் நின்றார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்து அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவு சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளர் மாதச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பணத்தைச் சேர்த்தே தோட்டங்களை வாங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் பேசியதை நேரில் கேட்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். அவரைக் கிளப் பட்டியலில் நுழைக்காதீர்கள், அது அவருக்கும் கிளப்புக்கும் நியாயம் இல்லை. வேறொரு பக்கத்தில் தனியாகப் போடுங்கள். அவர் முயற்சியில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையில் படித்து வந்தவர்கள்தான் இன்று இந்த வட்டாரத்துக் கிளப்களில் செயலாளராகவும் பொருளாளராகவும் இருக்கிறார்கள். அந்தத் தொடர்பு உண்மையானது, நானே கண்ணால் பார்ப்பது.

ஆசியாவைச் சேர்ந்த பெயர்கள் பட்டியலில் குறைவு என்று நீங்களும் கவனித்திருப்பீர்கள். கல்கத்தாவின் நிதிஷ் லஹாரி 1962-63ல் உலக ரோட்டரியின் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆசியர். அப்புறம் கொழும்பைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன். 2015-16ல் உலகத் தலைவர். அவரைத் தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பதவிக்காக இல்லை. இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோது, வடக்கில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுக்க வேண்டும். ரோட்டரியின் போலியோ குழுவுக்கு அங்கே தலைவர் அவர். யுனிசெஃப்போடு சேர்ந்து முயன்று, மருந்து கொடுக்கும் நாட்களில் மட்டும் இரு தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்க வழி செய்தார்கள். தமிழ்க் குழந்தைகளின் வாயில் இரண்டு சொட்டு விழுவதற்காக ஒரு போரே சில நாள் நின்றது. போலியோ முடிந்துபோன கதை என்று நினைக்கும் மாணவர்களுக்கு இன்னொன்றையும் சொல்லுங்கள். 1988ல் உலகம் முழுக்க ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் பிள்ளைகளை அது முடக்கியது. நம் நாட்டிலேயே 27 ஆண்டு காணாமல் போயிருந்து 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தைக்கு வந்தது.

இனி உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பிரபலங்களின் படத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் சேர்வார்களா? என் அனுபவத்தில் சேர்வதில்லை. கென்னடி இருந்தார் என்பதற்காக ஒரு பதினாறு வயதுப் பையன் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வரமாட்டான். ‘நம்மளை மாதிரி ஆள் ஒருத்தர் இதைச் செஞ்சார்’ என்று தெரிந்தால் வருகிறான். அதனால் பக்கத்தின் பாதியைப் பெரிய பெயர்களுக்குக் கொடுத்தால், மீதியை இந்த மாதிரி ஆட்களுக்குக் கொடுங்கள். அமெரிக்காவின் பியோரியா ஊரில் ஜார்ஜ் போன்ஹம் என்ற லயன், பார்வையற்ற ஒருவர் கருப்புக் கைத்தடியோடு சாலையைக் கடக்கத் தவிப்பதைப் பார்த்தார். ஓட்டுநர் கண்ணுக்கு அந்தத் தடி தெரியவில்லை. வெள்ளை பெயிண்ட் அடித்தால் தெரியுமே என்று தோன்றியது. 1930ல் அவர் ஊர் கிளப் அதைச் செய்தது. ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கைத்தடிகளின் கதையில் அந்த ஊர் கிளப்புக்குப் பெரிய இடம் உண்டு.

சில்வியா விட்லாக்கையும் விடாதீர்கள், அவர் உங்களைப் போலப் பள்ளிக்கூடத்துக்காரர், தலைமையாசிரியை. கலிபோர்னியாவில் டுவார்ட்டே என்ற சின்ன ஊரின் ரோட்டரி கிளப், ஆள் குறைந்துபோனதால் 1977ல் மூன்று பெண்களைச் சேர்த்துக்கொண்டது. தலைமையகம் 1978ல் அந்தக் கிளப்பின் அங்கீகாரத்தையே பறித்தது. அவர்கள் கலைந்துபோகவில்லை. தங்கள் சின்னத்தின் மேல் ஒரு பெருக்கல் குறியைப் போட்டு, ‘முன்னாள் ரோட்டரி கிளப்’ என்று சொல்லிக்கொண்டு தொடர்ந்து கூடினார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே மாதம் அமெரிக்க உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அந்த மூவருக்குப் பின்னால் சேர்ந்த சில்வியா, அந்த வருஷமே அந்தக் கிளப்பின் தலைவரானார். ரோட்டரி வரலாற்றில் ஒரு கிளப்புக்குத் தலைவரான முதல் பெண் அவர். 1989ல் உலக ரோட்டரியே விதியை மாற்றியது. இப்படி ஒரு கதையைச் சொன்னால் உங்கள் மாணவிகள் காது கொடுத்துக் கேட்பார்கள்.

மிச்சம் இருப்பது உள்ளூர் வேலை. உங்கள் கிளப்பின் பழைய மினிட்ஸ் புத்தகங்கள் யாராவது முன்னாள் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கரையான் அரித்தது போக மிஞ்சியதைப் போனில் படம் எடுத்து வையுங்கள். முதல் கண் முகாம் எந்தத் தோட்டத்தில் நடந்தது, எந்தப் பள்ளிக்கு நூலகம் கட்டினார்கள், எந்த வெள்ளத்தில் யார் படகு கொண்டுவந்தார் என்று அதில் இருக்கும். தோட்டம் செம்பனைக்கு மாறி, ஆட்கள் தாமான் என்னும் பட்டணத்துக் குடியிருப்புகளுக்குக் குடிபோய்விட்டதால், அந்தப் பெயர்களுக்கு உரியவர்களைத் தேடிப் பிடிக்கக் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும். மாணவர்களையே அனுப்புங்கள், அவர்கள் தாத்தாவாகவே இருக்கலாம். ஒவ்வொரு பிரபலத்தின் படத்துக்குக் கீழும் ‘உறுப்பினர்’, ‘கௌரவ உறுப்பினர்’, ‘வந்து பேசியவர்’, ‘பட்டம் பெற்றவர்’ என்று நாலில் ஒன்றை மறக்காமல் போடுங்கள். எது என்று உறுதியாகத் தெரியாத படத்தை எடுத்துவிடுங்கள். அச்சுக்குப் போகும் முன் பக்கத்தை இங்கே போட்டால் நான் ஒரு தடவை பார்த்துத் தருகிறேன்.